ரேம் காலியாக இருந்தும் ஸ்விட்ச் திணறுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் மெதுவாகிவிட்டது என்று புகார் வந்ததும் பலர், கருவிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் ரேம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார்கள். பாதி காலியாக இருந்தால், மெமரியில் குறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அடிப்படைத் தவறு இங்கேதான் தொடங்குகிறது. அந்த ரேம் இயங்குதளத்துக்கும், தரவின் வழியைத் தீர்மானிக்கும் ரவுட்டிங் புரோட்டோகால்களுக்கும் உரியது. பாக்கெட் (தரவின் சிறு துண்டு) எந்தப் போர்ட் வழியே போக வேண்டும் என்பதைச் சொல்பவை, அதை அனுப்பவே செய்யப்பட்ட ஆசிக் சிப் பயன்படுத்தும் தனி அட்டவணைகள். மேக் முகவரிகளுக்கு (கருவிகளின் வன்பொருள் அடையாள எண்கள்) ஒன்று, ஏசிஎல் விதிகளுக்கு (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்பவை) டிகேம் என்னும் வேகத் தேடல் மெமரி, ரூட்களுக்கு (எந்த முகவரிக்கு எந்த வழி என்பவை) டிகேமோ வேறு அட்டவணையோ. இவை நிரம்பினால் எத்தனை ஜிபி ரேம் இருந்தும் பயனில்லை.

அடுத்தது, இந்த அட்டவணைகளுக்கு இடம் பிரித்துப் பெட்டியில் வந்த பங்கீட்டை அப்படியே விட்டுவிடுவது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலகம் முழுக்க இணையம் தடுமாறியதற்கு இதுதான் காரணம். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 6500 ஸ்விட்ச், 7600 ரவுட்டர் வகைகளில் முழு இணைய ரூட்களையும் தாங்கிய பல கருவிகள், ஐபிவி4-க்கு (வழக்கமான இணைய முகவரி முறை) 512கே, அதாவது சுமார் 5.24 லட்சம் ரூட்களுக்கான இடம் மட்டுமே ஒதுக்கியிருந்தன. வெரைசனிலிருந்து சுமார் 15,000 ரூட்கள் கூடுதலாக வெளியே வந்ததும் எல்லை தாண்டியது. அட்டவணையில் இடம் கிடைக்காத ரூட்களின் பாக்கெட்டுகள் சிபியுவுக்குப் போயின. சிபியுவால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வருத்தம் என்னவென்றால், டிகேமில் இடம் இருந்தது. மீதி, புதிய முகவரி முறையான ஐபிவி6 போன்றவற்றுக்கென ஒதுங்கிக் கிடந்தது. பங்கீட்டை மாற்றி ஒருமுறை ரீலோட் (மறுதொடக்கம்) செய்திருந்தால் போதும்.

சின்ன அலுவலகத்திலும் இதே கதைதான். பழைய கேட்டலிஸ்ட் 3750 ஸ்விட்சில் விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) டெம்ப்ளேட்டை, அதாவது அதற்கான ஆயத்தப் பங்கீட்டைப் போட்டால் மேக் இடம் 6கே-யிலிருந்து 12கே ஆகும். ஆனால் ஹார்ட்வேரில் ரூட்களுக்கான இடம் பூஜ்யம். மேக் இடம் இரட்டிப்பாகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் அதே ஸ்விட்சில் ரவுட்டிங்கை இயக்கினால் வேலை முழுக்க சிபியுவின் தலையில் விழும். டெம்ப்ளேட்டை மாற்ற ரீலோட் தேவை என்பதால், இதை ஸ்விட்சை ரேக்கில் ஏற்றும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

என் பார்வையில், அதிகம் கவனிக்கப்படாத தவறு ஏசிஎல்-இல் போர்ட் எண்களின் எல்லைகளை (இங்கே போர்ட் என்பது ஸ்விட்சின் துளை அல்ல, பாக்கெட்டில் உள்ள செயலி எண்) எழுதும் விதம். டிகேம் 'இதிலிருந்து இதுவரை' என்று சேமிப்பதில்லை. பிட்களையும், அவற்றில் எவற்றை ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் மாஸ்க்கையும்தான் சேமிக்கிறது. 1024 முதல் 2047 வரை என்றால் ஒரே பதிவு. 1000 முதல் 2000 வரை என்றால் எட்டுப் பதிவுகள். மூலப் போர்ட்டுக்கும் இலக்குப் போர்ட்டுக்கும் அதே எல்லையைக் கொடுத்தால் எட்டை எட்டால் பெருக்கி 64. நீங்கள் எழுதியதோ ஒரே வரி! சில சிப்களில் எல்லைகளை ஒப்பிடத் தனி வசதி உண்டு, ஆனால் அதுவும் எண்ணிக்கையில் குறைவு. முடிந்தவரை இரண்டின் அடுக்குகளில் பொருந்தும் எல்லைகளைத் தேர்ந்தெடுங்கள்.

நேரக் கணக்கையும் மறக்கக் கூடாது. சிஸ்கோவில் மேக் பதிவு வழக்கமாக 300 விநாடிகளில் காலாவதியாகும். ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக் எது என்று சொல்லும் ஏஆர்பி பதிவு நான்கு மணி நேரம் நிற்கும். போகும் வழியும் வரும் வழியும் வெவ்வேறாக இருக்கும் இடத்தில், ஐபிக்கு உரிய மேக் தெரியும், அந்த மேக் எந்தப் போர்ட்டில் என்பது மறந்துபோயிருக்கும். அப்போது ஸ்விட்ச் அந்த விலேனின் எல்லாப் போர்ட்களுக்கும் பாக்கெட்டை அனுப்பும். ஏஆர்பி நேரத்தை மேக் நேரத்தைவிடக் குறைவாக வைத்தால் இது நிற்கும்.

டேட்டாஷீட் எண்ணை முழுதாக நம்பித் திட்டமிடாதீர்கள். மேக் அட்டவணை பொதுவாக ஹாஷ் முறையில் (முகவரியைக் கணக்கிட்டு இடம் ஒதுக்குவது) இயங்குவதால், பல முகவரிகள் ஒரே இடத்துக்கு வரும் மோதல் காரணமாக முழுதாக நிரம்பும் முன்பே சில முகவரிகள் உள்ளே ஏறாமல் போகலாம். ரேமுக்கு எச்சரிக்கை வைப்பதுபோல மேக், ரூட், ஏசிஎல் அட்டவணைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, 75 சதவீதம் அளவிலேயே எச்சரிக்கை வையுங்கள்; ரீலோடுக்கு நேரம் குறிக்க அந்த இடைவெளி வேண்டும்.