கரண்ட் போனால் தானாக ஓடும் ஏர் பம்ப்: 12 வோல்ட் பேட்டரியில் நாமே செய்துகொள்ளலாம்

கரண்ட் போனதும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஃபில்டர் நின்றுவிட்டதே என்றுதான் முதலில் பதற்றம் வரும். ஆனால் முதல் சில மணி நேரத்துக்கு மீனுக்குத் தேவை காற்று, அவ்வளவுதான். நீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் வெயில் காலத்தில், மீன்கள் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் கரண்ட் போனால் நேரம் ரொம்பக் குறைவு. மேல்மட்ட நீர் அசைந்துகொண்டே இருந்தால் போதும், அதை ஒரு சின்ன ஏர் பம்ப்பே செய்துவிடும்.

நான் முதலில் செய்தது தப்பு. ஒரு சின்ன இன்வெர்ட்டரை 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் மாட்டி, ஃபில்டரையே அதில் ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். விடிவதற்குள் பேட்டரி காலி, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நல்லவேளை, ஒன்றும் சாகவில்லை. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே சில வாட் தின்னும், சின்ன பம்ப்புக்கு அது பம்ப் எடுப்பதைவிட அதிகமாகவே இருக்கலாம். ஆகவே இன்வெர்ட்டரே வேண்டாம், பேட்டரியில் நேராக ஓடும் 12 வோல்ட் டிசி ஏர் பம்ப் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே ஓடும் பம்ப்பைத் தொடவே போவதில்லை.

வேண்டிய மற்ற பொருட்கள்: 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, அதற்கென்றே உள்ள சார்ஜர், ஐந்து கால் உள்ள கார் ரிலே ஒன்று (கரண்ட் வந்தாலும் போனாலும் தானாக மாறும் சுவிட்ச்), ஒரு 12 வோல்ட் அடாப்டர் (அரை ஆம்பியர் போதும்), 2 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் ஹோல்டர், சிவப்பு கறுப்பு வயர், ஏர் டியூப், ஏர் ஸ்டோன் (காற்றைச் சின்னக் குமிழ்களாக விடும் கல்), செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் போகவிடும் அடைப்பான்).

சார்ஜரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டில் கிடக்கும் ஏதோ 12 வோல்ட் அடாப்டரைப் பேட்டரியில் மாட்டினால் அது முழுதாகச் சார்ஜ் ஆகாது, அதைவிட அதிக வோல்ட் உள்ளதை மாட்டினால் கொதித்துக் கெட்டுப்போகும். நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டில் தானாக நிறுத்திவைக்கும் ஃப்ளோட் சார்ஜர்தான் வேண்டும், அதை வருஷம் முழுக்க மாட்டியே வைக்கலாம்.

சரி, இனி வயரிங். ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு). 30 பொதுக் கால். காயிலில் கரண்ட் இருக்கும்போது 30 போய் 87-ஐத் தொடும், கரண்ட் இல்லாதபோது 87ஏ-யைத் தொட்டுக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது அந்த 87ஏ. கரண்ட் போனதும் ரிலே தானாக விழுந்து பம்ப்பைப் பேட்டரியோடு சேர்த்துவிடும், வேறு எந்த சர்க்யூட்டும் தேவையில்லை.

அடாப்டரின் இரண்டு வயரையும் 85, 86-இல் கொடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வரும் வயரில், முடிந்தவரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் ஹோல்டரை வைத்து, அதன் மறுமுனையை 30-க்குக் கொண்டுபோங்கள். சார்ஜரின் சிவப்பு வயரும் ஃபியூஸைத் தாண்டி இதே இடத்தில்தான் சேர வேண்டும். 87ஏ-யிலிருந்து பம்ப்பின் பாசிட்டிவுக்கு ஒரு வயர். பம்ப்பின் நெகட்டிவ், சார்ஜரின் கறுப்பு இரண்டும் பேட்டரியின் நெகட்டிவுக்கு. 87 சும்மா இருக்கட்டும், ஆனால் அதன்மேல் டேப் சுற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்து ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் ஃபியூஸைச் செருக வேண்டும், ஏனென்றால் இந்தச் சின்னப் பேட்டரி ஷார்ட் ஆனாலே வயர் உருகிவிடும்.

அடாப்டரையும் சார்ஜரையும் எங்கே செருகுவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். தொட்டியின் வழக்கமான பம்ப் எந்த எக்ஸ்டென்ஷனில் இருக்கிறதோ அதே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். வேறு அறையின் பிளக்கில் செருகினால், தொட்டிப் பக்கத்து பிரேக்கர் மட்டும் விழும் நாளில் உங்கள் ரிலேவுக்கு ஒன்றுமே தெரியாது.

காற்றுப் பக்கம் சுலபம். இந்தப் பம்ப் பெரும்பாலும் நின்றே கிடப்பதால், நீர் டியூப் வழியாகப் பின்னால் இறங்கிப் பம்ப்புக்குள் போகாமல் இருக்க செக் வால்வு கட்டாயம். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தொட்டிப் பக்கமாக மட்டும் போக வேண்டும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தால் இன்னும் நல்லது. ஏர் ஸ்டோனுக்குப் பதில் ஸ்பான்ஜ் ஃபில்டரில் மாட்டினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியாவும் பிழைக்கும். பேட்டரியைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவுக்குள் போட்டு மூட வேண்டாம்.

இப்போது அடாப்டரைப் பிடுங்குங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு பம்ப் ஓட வேண்டும். திரும்பச் செருகினால் நிற்க வேண்டும். உல்டாவாக நடந்தால் 87-இல் மாட்டியிருக்கிறீர்கள்.

எவ்வளவு நேரம் ஓடும்? 7 ஆம்பியர்-மணி என்பது வழக்கமாக 20 மணி நேரக் கணக்கில் சொல்வது. அதாவது 0.35 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 20 மணி நேரம் ஓடினால் பேட்டரி சுத்தமாகக் காலி. அந்த அளவுக்குப் பிழிந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும், ஆகவே பாதி, 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரை இதில் மாட்டும் எண்ணமே வேண்டாம், 100 வாட் ஹீட்டருக்கு இந்தப் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், சும்மா கிடக்கும் ஏர் ஸ்டோன் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், கரண்ட் இல்லாத நேரத்தில் மீனுக்குத் தீனி போடாதீர்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) இருந்து அது பல மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நாறிப்போன தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வந்துவிடும். திறந்து அந்த நீரைக் கொட்டி, ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டுங்கள்.