மசாய் மாரா விடியலில் நிழலுருவப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்துவிட்டால் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் கூட்டம் கூடிவிடும். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் மந்தைகள் வந்துசேரும் காலம் அது. சூரியன் பின்னால், மிருகம் முன்னால், முழுக் கறுப்பில் ஒரு நிழலுருவம் என்று எல்லாருக்கும் ஓர் ஆசை. புதிதாக வருகிறவர்கள் வருஷா வருஷம் அதே தவறுகளில்தான் விழுகிறார்கள். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைக்க வேண்டும், ஃபிளாஷை அணைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

நேரம் நிறைய இருக்கிறது என்று நினைப்பது

மாரா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய ஒன்றரை பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆறரை மணிவாக்கில், கால் மணி முன்பின்னாகச் சூரியன் உதிக்கும். அங்கே அது சாய்வாக ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக மேலே போகும். விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். பத்து நிமிடத்தில் வெளிச்சம் கூசத் தொடங்கிவிடும். உண்மையில் நல்ல நேரம் சூரியன் வருவதற்கு முந்தைய இருபது நிமிடம். காப்பகத்தின் வாசல் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும், அங்கே வரிசை வேறு. உள்ளேயோ, பக்கத்துக் கன்சர்வன்சிகளிலோ (மசாய் மக்களின் நிலத்தில் அமைந்த தனிக் காப்பிடங்கள்) தங்கினால் அந்த இருபது நிமிடம் கைக்கு வரும்.

கூரைக்கு மேலே நின்று எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. சஃபாரி வண்டியின் கூரையைத் திறந்த உடனே எல்லாரும் சீட்டின் மேல் ஏறி நின்றுவிடுகிறார்கள். அங்கிருந்து நன்றாகத் தெரிகிறதாம். தெரியும், யார் இல்லை என்றது? கண்ணுக்குத் தெரிவது வேறு, நிழலுருவத்துக்கு வேண்டியது வேறு.

கணக்கு எளிது. சமதரையில் உங்கள் கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, எதிரே நிற்கும் எல்லாவற்றையும் அடிவானக் கோடு அதே உயரத்தில்தான் வெட்டும். மிருகம் கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும் இது மாறாது. கூரைக்கு மேலே கேமராவைப் பிடித்தால் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் வந்துவிடும். வில்டபீஸ்ட்டின் தோள் உயரம் சுமார் 1.3 மீட்டர். ஆண் சிங்கம் 1.2 மீட்டர். வரிக்குதிரையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, மூன்றும் முழுசாக அடிவானத்துக்குக் கீழே போய்விடும். கீழே இருப்பதோ இருண்ட புல்வெளி. பகலில் இந்தக் கோணத்தில் தப்பே இல்லை, நிறமும் ரோமமும் மிருகத்தைப் புல்லிலிருந்து பிரித்துக் காட்டிவிடும். நிழலுருவத்தில் பிரித்துக் காட்ட வானம் ஒன்றுதான் இருக்கிறது.

காப்பகத்தின் மேற்குப் பகுதியான மாரா டிரையாங்கிள் பக்கம் ஒரு காலை. ஒன்றரை மீட்டர் உயரக் கரையான் புற்றின் மேல் ஒரு டோபி மான் ஏறி நின்றது. சுற்றிலும் நோட்டம் பார்க்க டோபிகள் அப்படி நிற்பது வழக்கம். பின்னால் கிழக்கு வானம் சிவந்துவிட்டது. எங்கள் வண்டியில் 600 மி.மீ. லென்ஸோடு வந்திருந்த ஒருவர் கூரைக்கு மேலே நின்றார். "சார், கீழே உட்கார்ந்து ஜன்னல் வழியா எடுங்க" என்றேன். "இங்கேயிருந்து கிளியரா இருக்கு தம்பி" என்றார். அந்த டோபியும் பாவம், நாலைந்து நிமிடம் அசையாமல் நின்று கொடுத்தது. முகாமுக்குத் திரும்பி லேப்டாப்பில் பார்த்தால், கறுத்த தரையிலிருந்து ஒரு கழுத்தும் தலையும் ஜோடிக் கொம்பும் முளைத்திருந்தன. காலும் இல்லை, புற்றும் இல்லை. அவர் மனைவி தூக்கக் கலக்கத்தோடு கீழே சீட்டில் உட்கார்ந்தபடி 55-250 லென்ஸில் எடுத்த படத்தில் டோபி குளம்பு வரைக்கும் வானத்தில் நின்றது. சார் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் கூரைக்குத்தான் ஏறினார்.

சரி, கீழே உட்கார்ந்தால் போதுமா? போதாது. ஜன்னல் விளிம்பில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் சிறு பை) வைத்து எடுத்தாலும் கேமரா ஒன்றரை மீட்டர் கிட்ட இருக்கும். சமதரையில் நிற்கும் சிங்கம் அப்போதும் இருட்டுக்குள்தான். காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கவும் முடியாது. அதனால் மிருகத்தைத் தேடுவதற்கு முன்னால் மேட்டைத் தேடுங்கள். உங்களுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு சரிவின் உச்சி, ஓடைக்கரை, புற்று ஏதாவது ஒன்று. வண்டி பள்ளத்தில், மிருகம் மேட்டில். சில நாள் மேடு இருக்கும், மிருகம் வராது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

உருவங்கள் ஒட்டிக்கொள்வது

இரண்டு வரிக்குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் எட்டுக் கால் மிருகம்தான் கிடைக்கும். நடுவே வானம் தெரியும்வரை பொறுங்கள். ஒற்றையாக நின்றாலும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். நேராகப் பார்க்கும் யானை பாறை மாதிரி இருக்கும். ஒட்டகச்சிவிங்கி மரத்தோடு கலந்தாலும் இதே கதை. (மாராவின் சமவெளியில் தனியாக நிற்கும் அந்தக் குடை மரத்தை எல்லாரும் அகேசியா என்கிறார்கள். பெரும்பாலும் அது பாலனைட்டிஸ்.)

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்

ஆரஞ்சைத் தின்றுவிடும். டேலைட்டில் வையுங்கள்.

லைட்ரூமில் ஷேடோவை ஏற்றுவது

படத்தைத் திருத்தும் மென்பொருளில் இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால், அப்புறம் எதற்கு நிழலுருவம்?

வியூஃபைண்டரில் சூரியனைப் பார்ப்பது

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இது. டெலி லென்ஸ் வழியாகச் சூரியனை நேராகப் பார்த்தால் கண் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். லைவ் வியூவில் திரையைப் பார்த்து எடுங்கள்.

கிட்டே போகச் சொல்வது

சூரிய வட்டத்துக்குள் மிருகம் அடங்க வேண்டுமானால் விலகித்தான் போக வேண்டும். மிருகத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் அதுவும் சூரியனும் ஒரே அளவாகத் தெரியும். சிங்கத்துக்கு 130 மீட்டர் ஆகிறது. ஐந்து மீட்டர் ஒட்டகச்சிவிங்கிக்கு அரைக் கிலோமீட்டருக்கும் மேல். பத்தடியில் நிறுத்தினால் பின்னால் இருக்கும் சூரியன் பொட்டளவுதான்.

டிரைவர்களைக் குறை சொல்ல முடியாது. கிட்டே கொண்டுபோய் நிறுத்தினால்தான் டிப்ஸ் என்று பயணிகளே அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் மாலையே உட்கார்ந்து, எந்த மேடு, சூரியன் எந்தப் பக்கம் என்று பேசிவிடுங்கள். சுவாஹிலியில் "சிமாமா ஹாபா" என்றால் இங்கேயே நிறுத்துங்கள் என்று அர்த்தம். டிப்ஸ் குறையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த சிங்கத்தைப் பார்த்ததும் மனுஷன் மறுபடி பத்தடியில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.