பெயரை மறையுங்கள், நிபந்தனையை மறைக்காதீர்கள்

வேலூரிலும் பழைய வடார்க்காட்டின் மற்ற ஊர்களிலும் ஒருவருக்கு நோய் உறுதியானால், அவர் மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருவதற்குள் குடும்பத்தில் யாராவது கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார். பொழுது சாய்வதற்குள் சம்பந்தி வீடுவரை செய்தி போய்விடுகிறது. தேடுவதில் தவறில்லை. கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் விரைவாகச் சொல்லப்பட்டதை வீட்டில் நிதானமாகப் புரிந்துகொள்ள இணையம் உதவத்தான் செய்கிறது. ஆனால் எந்த மருத்துவத் தகவலும் இன்னாருக்கு, இன்ன நிலையில், இன்ன அளவில் என்ற நிபந்தனையோடு சேர்ந்துதான் உண்மையாகிறது. பகிரும்போது நாமோ நோயாளியின் பெயரை விட்டுவைத்து, அந்த நிபந்தனையை வெட்டிவிடுகிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது.

தேடலை அறிகுறியிலிருந்து தொடங்காமல், டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஓ.பி. சீட்டிலோ எழுதப்பட்டுள்ள நோயின் பெயரிலிருந்து தொடங்குங்கள். தலைவலி என்று மட்டும் தேடினால் சாதாரணச் சளி முதல் மூளைக்கட்டி வரை எல்லாமே வரும். நோயின் பெயரை எழுத்து பிசகாமல் இடவும் வேண்டும்: டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. மருந்தைத் தேடும்போது அட்டையில் நிறுவனம் வைத்திருக்கும் வணிகப் பெயரை விட்டு, மருந்தின் மூலப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்க இணையதளங்கள் அசிட்டமினோஃபென் என்கின்றன. சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். இது தெரியாமல் இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்குவது ஆபத்து.

நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய எடுத்துக்காட்டே இருக்கிறது. புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இப்பகுதி மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவான இடங்களில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த புண் இருக்கிறதா என்று அவர்கள் தேடுவது அதனால்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் நடத்திய ஆய்வு, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியே கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023இல் காட்டியது. இதைக் குடும்பக் குழுவில் “காய்ச்சலுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் குணமாகும், சி.எம்.சி. கண்டுபிடிப்பு” என்று சுருக்கினால் என்ன ஆகும்? ஆய்வில் பங்கேற்றவர்கள் 15 வயது நிறைந்தவர்கள். நோய் முற்றி உறுப்புகள் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்தவர்கள். மருந்துகள் நரம்பு வழியாக ஏற்றப்பட்டவை. இவற்றில் ஒன்று கூட அந்தச் சுருக்கத்தில் இல்லை. அதை நம்பி, வைரஸ் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்குபவரை ஆய்வு செய்தவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆகவே ஓர் ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்கும்போது முடிவு வரிக்குத் தாவாமல், யாரைச் சேர்த்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்ற வரிகளை முதலில் படியுங்கள்.

அலகுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும்வயிற்றுச் சர்க்கரை 126 என்பதும் 7 என்பதும் ஒரே அளவுதான்: முன்னது நம் ஆய்வகங்கள் எழுதும் மில்லிகிராம் கணக்கு, பின்னது பிரிட்டன் இணையதளங்களில் காணும் மில்லிமோல் கணக்கு. பின்னதை 18ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும்.

படிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ், பிரிட்டன் அரசின் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். ஆகியவற்றின் பக்கங்கள் பெரும்பாலும் போதும். பக்கம் எப்போது திருத்தப்பட்டது, அங்கே ஏதேனும் விற்கப்படுகிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ முழுதாகக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அப்படிச் சொல்லும் காணொளியை அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. பாம்புக்கடி, நெஞ்சுவலி, திடீரென வாய் கோணுவது ஆகியவற்றுக்குத் தேடலே கூடாது, 108ஐ அழையுங்கள். கடிபட்ட இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

இனி, பகிர்வது. வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்க அறிக்கையைப் படமெடுத்து அனுப்பும்போது, மேல் பகுதியிலுள்ள பெயர், மருத்துவமனை எண், கைப்பேசி எண், பட்டைக்கோடு ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். கைப்பேசியின் பேனாவால் மெலிதாகத் தீட்டியதன் அடியில் எழுத்து தெரியக்கூடும் என்பதால் வெட்டுவதே பாதுகாப்பு. வயது, ஆணா பெண்ணா, சோதனை செய்த தேதி, ஆய்வகம் அச்சிட்ட இயல்பளவு, தற்போது சாப்பிடும் மருந்துகள் ஆகியவை இருக்கட்டும், அவை இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பெயரை நீக்கினால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை: சின்ன ஊரில் தெருவையும் தொழிலையும் சொன்னாலே போதும், இன்னார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். காசநோய், தொழுநோய், குழந்தையின்மை, மனநலம் தொடர்பானவற்றை, நோயாளியே சம்மதித்தாலொழிய, நெருங்கிய உறவினர் குழுவிலும் போடாதீர்கள். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீடுகளில் இதன் விளைவு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ரத்தம் தேவை என்ற வேண்டுகோள்கள் வேலூரில் ஓயாமல் சுற்றுகின்றன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இங்கே உறவினர் இல்லை என்பதால் அவற்றை அலட்சியம் செய்யவும் முடியாது. வந்ததை அப்படியே தள்ளிவிடாமல், கொடுக்கப்பட்ட எண்ணை அழைத்துத் தேவை இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களே எழுதுவதானால் ரத்த வகை, மருத்துவமனை, தேதி, எந்த நேரம்வரை தேவை என்பதை எழுதுங்கள்; நோயாளியின் படமும் நோயின் விவரமும் வேண்டாம். தேவை தீர்ந்ததும் “கிடைத்துவிட்டது” என்று அதே குழுக்களில் எழுதிவிட்டு, பழைய செய்தியை அனைவருக்குமாக அழித்துவிடுங்கள்.