நேபாள முகாமுக்கு மருந்துப் பெட்டி கட்டும் முன்

கடலூரில் மருந்தாளுநராக இருக்கிறேன். இங்கிருந்து டாக்டர்களும் நர்ஸுகளுமாக ஒரு குழு நேபாளத்து மலைக் கிராமத்தில் மருத்துவ முகாம் போடக் கிளம்பியபோது, மருந்துக்குப் பொறுப்பு என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு முறை போய் வந்தாயிற்று. முதல் முறை சொதப்பியதுதான் அதிகம்.

தேதியிலேயே ஆரம்பித்தது. எல்லோருக்கும் லீவு கிடைக்கும் என்று ஆயுத பூஜையை ஒட்டி டிக்கெட் போட்டோம். நமக்கு ஆயுத பூஜை வரும்போது அவர்களுக்கு தசைன், நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை. பொங்கலுக்குச் சென்னை காலியாகிற மாதிரி அங்கே எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் போய் இறங்கியபோது சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு ஹெல்த் அசிஸ்டென்ட் இருந்தார். எங்களுக்காகத்தான் அவர் பண்டிகைக்கு வீட்டுக்குப் போகவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அடுத்த முறை தேதியை அவரையே சொல்லச் சொல்லிவிட்டு, அதற்கேற்ப நாங்கள் லீவு வாங்கினோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவு. அந்த மாதங்கள் வேண்டவே வேண்டாம்.

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். அதனால் வேறு எந்தக் காகிதமும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் போதாது. அங்கே நோயாளியைத் தொட்டுப் பார்க்க டாக்டருக்கு நேபாள மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும். மருந்துப் பெட்டிகளுக்கு அந்நாட்டு மருந்து நிர்வாகத் துறையின் அனுமதி தனி. இலவச சேவைதானே என்று எல்லையில் வாதாடிப் பயனில்லை.

மருந்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் நிவாரண மருந்துகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் நானும் இருந்தேன். எங்கிருந்தோ வந்த பெட்டிகள், படிக்க முடியாத எழுத்துகள், தேதி முடியப் போகும் அட்டைகள். கொண்டு வந்தவர்கள் அன்றே போய்விட்டார்கள். அதில் எதைக் கொடுப்பது, எதைப் புதைப்பது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தது நாங்கள். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு வந்து சேர்ந்த மருந்து சுமார் 4,000 டன். அதில் பாதிக்கு மேல் அந்நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதது.

இவ்வளவும் தெரிந்த நானே முதல் முகாமுக்கு இரண்டு பெட்டி நிறைய சாம்பிள் மாத்திரைகளைக் கட்டிக்கொண்டு போனேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பார்களே, அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சாம்பிள்களைத் தானமாகக் கொடுக்கவே கூடாது என்கிறது. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்குப் பாக்கி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்களுடையது பெரும்பாலும் இரண்டு மருந்து சேர்ந்த பிரஷர் மாத்திரை. பத்து நாளில் தீர்ந்துபோகும், அந்தச் சேர்க்கை அங்கே கிடைக்காது, பாட்டி மாத்திரையையே நிறுத்திவிடுவார். சுகாதார நிலையத்தில் எது தொடர்ந்து இலவசமாகக் கிடைக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் வாங்கி, அதிலிருப்பதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நம் டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அப்புறம் இந்த நாள்காட்டிக் கூத்து. பிறந்த வருடம் கேட்டால் ஒருவர் 2035 என்றார். இன்னும் பிறக்கவே இல்லையா என்று சிரித்தோம். அவர்கள் புழங்குவது விக்ரம சம்வத், ஆங்கில ஆண்டைவிட 56, 57 வருடம் முன்னால் ஓடும். அதைப் புரிந்துகொண்டோம், ஆனால் இரண்டாவது முறை, நவம்பரில், சீட்டில் “15ஆம் தேதி மறுபடி வரவும்” என்று மொட்டையாக எழுதிவிட்டோம். வரவேண்டிய நாளில் ஒருவரும் வரவில்லை என்று ஹெல்த் அசிஸ்டென்ட் போன் செய்தார். அவர்கள் மங்சிர் மாதம் 15 என்று எடுத்துக்கொண்டார்கள். அது டிசம்பர் 1 வாக்கில். இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் ஓடிவிட்டது. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்கும் வருடம் பிறக்கிறது, அதனால் நம் தமிழ்த் தேதியும் அவர்கள் தேதியும் ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில் கூடவே வரும். அவர்களுடைய மங்சிர்தான் நம் கார்த்திகை, கார்த்திகை 15ஐப் பார்த்தாலே கணக்கு கிடைத்துவிடும். வீட்டிலிருந்து ஒரு தினசரி காலண்டர் எடுத்துப் போங்கள். சீட்டை மட்டும் அங்குள்ளவரை எழுதச் சொல்லுங்கள்.

மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடப் பையனை உட்கார வைப்பது இன்னொரு தவறு. கர்ப்பப்பை இறங்கியிருப்பதை எந்தப் பெண் அவனிடம் சொல்வாள்? கிராமத்துப் பெண் சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். 1988இல் தொடங்கிய ஏற்பாடு, நம் ஆஷா மாதிரி. அவர்களைக் கேட்டால் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது வரை சொல்வார்கள். நாங்கள் முதல் முறை அவர்களை வரிசை ஒழுங்குபடுத்த நிறுத்தியிருந்தோம், வெட்கக்கேடு.

தங்கும் வீட்டில் நம்மூர் வழக்கம் பாதி கைகொடுக்கும். எச்சில் பார்ப்பார்கள், தண்ணீரை அண்ணாந்து குடித்தால் போதும். கூப்பிடாமல் அடுப்படிக்குள் நுழையாதீர்கள். பருப்பும் சோறும் காலை பத்து மணி வாக்கிலேயே வந்துவிடும், போதும் என்று சொல்லும்வரை விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுப் பெரியம்மாவை ‘ஆமா’ என்று கூப்பிட வேண்டும், அம்மா என்று அர்த்தம். எங்கள் நர்ஸ் ஒருவர் அவர் கேட்டதற்கெல்லாம் தமிழில் “ஆமா, ஆமா” என்று தலையாட்ட, மகளாகவே ஆகிவிட்டார்.

பணம் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டில் பேச்சு வரும். நான் பண்ருட்டி முந்திரி அரைக் கிலோ கொண்டு போனேன். அந்த ஆமா பையைக் காலியாகத் திருப்பித் தரவில்லை. திமூர் என்று ஒரு காட்டு மிளகு போட்டுக் கொடுத்தார். ரசத்தில் இரண்டு தட்டிப் போட்டால் நாக்கு மரத்துப்போகிறது. என் மனைவி இன்னும் திட்டுகிறாள்.