அறை அளவு வேறு, நூல் தூரம் வேறு: மார்க்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேப்பைத் தொய்வாகப் பிடிக்காதே, சைபர் எங்கே என்று பார் என்பதையெல்லாம் எந்த மேஸ்திரியும் முதல் நாளே சொல்லிவிடுவார். அவற்றை விடுகிறேன். பிளானைப் படித்து, மனையில் நூல் கட்டி, குழி வெட்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் மார்க்கிங் வேலைக்கு வரும் புதியவர்கள் இடறும் இடம் வேறு. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எங்கே இடறினோமோ, கையில் லேசர் மீட்டர் வந்த பிறகும் அங்கேதான் இடறுகிறார்கள்.

உள்ளளவைச் சென்டர் தூரமாக எடுப்பது

பிளானில் பெட்ரூம் 10 அடிக்கு 12 அடி என்று எழுதியிருந்தால் அது அறையின் அளவு. சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகம் வரை. நூல் கட்டும்போது நமக்கு வேண்டியது அதுவல்ல. ஒரு சுவரின் சென்டரிலிருந்து அடுத்த சுவரின் சென்டருக்கு உள்ள தூரம். 9 அங்குலச் சுவர் என்றால் இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கம் நாலரை சேர்த்து 10 அடி 9 அங்குலத்தில் நூல் ஓட வேண்டும். பிளானில் கண்ட 10 அடிக்கே நூலைக் கட்டினால் அறை 9 அடி 3 அங்குலம்தான். இரண்டு பக்கமும் பூச்சு அரை அரை அங்குலம் போனால் 9 அடி 2.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது, இது குழி வெட்டும்போதும் தெரியாது, பூட்டிங் (அஸ்திவாரக் கான்கிரீட்) போடும்போதும் தெரியாது என்பதுதான். வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்து கேட்டாலும், "அஸ்திவாரத்துல எல்லா ரூமும் சின்னதாத்தான் தெரியும் சார், சுவர் எழும்பினா சரியாயிடும்" என்று பதில் வரும். அப்படித் தெரிவது உண்மைதான். அதனாலேயே நிஜமாகச் சின்னதாகிப்போன அறையும் அந்தப் பேச்சில் மறைந்துவிடுகிறது.

ஒரு வீட்டில் சுவர் லின்டல் மட்டம் (கதவு, ஜன்னல் தலைப்பு) தாண்டிய பிறகு அளந்து பார்க்க என்னை அழைத்தார்கள். வரிசையாக மூன்று அறை, ஒவ்வொன்றும் 10 அடி அகலம், நான்கு 9 அங்குலச் சுவர். வெளியிலிருந்து வெளி 33 அடி வர வேண்டும். டேப்பில் வந்தது 30 அடி 9 அங்குலம். இரண்டேகால் அடி போய்விட்டது. அந்த வீட்டம்மா 6 அடிக் கட்டில், நடக்க 2 அடி, அலமாரிக்கு 2 அடி என்று நோட்டில் படம் போட்டே வைத்திருந்தார். பூச்சு முடிந்தால் நடக்க மிஞ்சுவது 1 அடி 2 அங்குலம். அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். பில்லரை நகர்த்த முடியாது. அவருக்கு என்ன பதில் சொல்வது?

டாய்லெட்டில் இது இன்னும் மோசம். உள்ளே 4 அடி, ஒரு பக்கம் 9 அங்குலச் சுவர், மறுபக்கம் நாலரை. சென்டர் தூரம் 4 அடி ஆறேமுக்கால் அங்குலம். 4 அடிக்கே நூல் கட்டினால் பூச்சும் டைல்ஸும் ஒட்டும் முன்பே 3 அடி ஐந்தேகால்.

பில்லர் சென்டரும் சுவர் சென்டரும் ஒன்று என்று நம்புவதும் இதே குடும்பம்தான். வெளிமுகத்தோடு ஒட்ட நிறுத்திய 15 அங்குலப் பில்லரின் சென்டர் வெளியிலிருந்து ஏழரை. 9 அங்குலச் சுவரின் சென்டர் நாலரை. மூன்று அங்குல வித்தியாசம். எந்த சென்டர் என்று கேட்டுவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும்.

மார்க்கிங் முடிந்ததும் ஒரே ஒரு கூட்டல் போடுங்கள். எல்லா அறைகளின் உள்ளளவு, அதோடு எல்லாச் சுவர்களின் கனம். சுண்ணாம்புக் கோட்டில் அளக்கும் வெளி அளவு அதோடு ஒத்துவராவிட்டால் ஜேசிபியை உள்ளே விடாதீர்கள்.

கவரை மெயின் கம்பியிலிருந்து அளப்பது

பில்லரில் நெட்டுக்கு நிற்பது மெயின் கம்பி, அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையம் ரிங். ரிங்குக்கு ரிங் 6 அங்குலம் என்றால் அது சென்டர் டு சென்டர். கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனமான கவர் அப்படியல்ல; கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து அதற்கு மிக அருகே இருக்கும் கம்பிவரை. பில்லரில் அப்படி இருப்பது ரிங். பில்லருக்குச் சொன்ன 40 மில்லிமீட்டர் கவரை மெயின் கம்பிவரை எடுத்தால், 8 மில்லிமீட்டர் ரிங்குக்குக் கிடைப்பது 32 மட்டுமே. துரு முதலில் பிடிப்பது ரிங்கைத்தான்.

கோணல் மனையில் லீனியர் டைமென்ஷன்

பிளான் வரையும் ஆட்டோகேடில் அளவு குறிக்க லீனியர் போட்டால் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ மட்டும்தான் காட்டும். 40 அடி போய் 9 அடி விலகும் எல்லைக்கோட்டுக்கு அது 40 என்கும். காம்பவுண்டு சுவர் எழும்பப் போகும் நீளம் 41 அடி. கோட்டின் சாய்வோடேயே அளக்கும் அலைன்ட் போடுங்கள்.

சரிவில் தரையோடு டேப்

பிளானில் உள்ள தூரம் மட்டமானது. 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் நிலத்தில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்தால் ஏறக்குறைய அரை மீட்டர் கூடுதலாகக் காட்டும். படிப்படியாக மட்டம் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும்.

பிரின்ட் மேல் ஸ்கேல் வைப்பது

கூடாது. எழுதியிருக்கும் எண்ணை எடுங்கள்.

அறை அறையாகத் தனித்தனியே அளந்து போவது

ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் பிசகினால் கடைசி அறையில் மொத்தமும் வந்து நிற்கும். எல்லாத் தூரத்தையும் ஒரே மூலை ஆணியிலிருந்து எடுங்கள்.