வாசலுக்கு மேல் மரக்கூரை: டெல்டா வீடுகளில் செய்யக்கூடாத தவறுகள்

மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் எந்தப் பழைய தெருவில் நடந்தாலும் இப்போது இரண்டு காட்சிகள் கண்ணில் படும். ஓரிடத்தில் தேக்கு உத்திரம் போட்ட வீடு இடிபட்டு, மரமெல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும். நாலு வீடு தள்ளி, புதுவீடு கட்டுகிறவர் அதே மாதிரி மரத்தைத் தேடி வாங்கி வந்து வாசலில் அடுக்கி வைத்திருப்பார். திண்ணையேறி, வாசலிலிருந்து உள்ளே போகும் நடையான ரேழிக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே மரம் தெரிய வேண்டும் என்ற ஆசை மறுபடி வந்திருக்கிறது. எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். ஆனால் அந்த ஆசைக்காகச் செலவழித்த பணம் நாலைந்து மழையில் வீணாவதையும் பார்த்துவிட்டேன்.

எங்கள் பாட்டி வீட்டைப் பழுது பார்த்தபோது தெரிந்துகொண்டதும், பிறகு உறவுக்காரர் வீடுகளில் பார்த்ததும்தான் இங்கே எழுதுவது. தவறுகள் பல விதம் என்றாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. காற்றும் கண்ணும் படாதபடி மரத்தை நாம் மூடிவிடுகிறோம்.

மேலே ஒழுக, கீழே பாலிஷ்

முதல் தவறு, கூரையைக் கீழே நின்று மட்டும் பார்ப்பது. நம் பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் ரேழிக்கும் தாழ்வாரத்துக்கும் மேலே இருப்பது அநேகமாக மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஓர் அங்குலத் தடிமன் உள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, நாள்கணக்கில் பலகையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். இந்தக் கூரை வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், உள்ளே போன ஈரத்தையும் மெல்ல வெளியே விட்டுவிடும்.

ஒழுகுகிறதே என்று அதன் தலையில் சிமெண்ட் பூசுகிறார்கள். சிமெண்ட் அசைந்து கொடுக்காது. ஒரு கோடையிலேயே மயிரிழை வெடிப்பு விடும். அதில் இறங்கிய தண்ணீர் மேலே வர வழியில்லாமல் சட்டத்தின் முதுகில் உட்கார்ந்துவிடும். கீழே நின்று பார்க்கிற நமக்குப் பளபளப்பான பாலிஷ்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர், மூன்று தலைமுறை ஆசாரி, உள்ளே வந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மொதல்ல மாடிக்கு வழி காட்டுங்க தம்பி” என்றார். கைப்பிடிச் சுவரோரம் இரண்டு இலை விட்டிருந்த அரசங்கன்றைக் காட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினார். அதை வேரோடு எடுத்து, அந்தப் பகுதியைச் சுண்ணாம்பிலேயே சரிசெய்து, ஓர் ஐப்பசி முழுக்க ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மரத்தில் கை வைத்தோம். பத்து மாதம் தள்ளிப் போனது, அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

சுவருக்குள் போன முனை

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உத்திரத்தின் நடுப்பகுதி நூறு வருஷம் கழித்தும் நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஒரு முழம்தான் முதலில் போகும். எங்கள் ரேழியில் வாசல் பக்கத்து உத்திரம் பார்க்க இரும்பு மாதிரி இருந்தது. ஆசாரி அது சுவரோடு சேரும் இடத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். இரண்டு அங்குலம் தடையில்லாமல் இறங்கியது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஈரப் பழுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. பழைய நெற்குதிரின் மூடியைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

காரணம் தேடிப் போனால், முன்பு வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் முனையைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் டெல்டாச் சுவரில் ஓதம் எப்போதும் உண்டு. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினாலே சுவரின் அடியில் ஈரம் ஏறும், வடகிழக்குப் பருவமழையில் மேலிருந்தும் இறங்கும். மரத்தின் வெட்டுமுனை அந்த ஈரத்தை உறிஞ்சும். காற்று பட்டால் உலர்ந்துவிடும், சிமெண்ட் அடைத்தால் உலராது.

புது உத்திரமோ பழையதோ, முனை ஒரு தாங்குகல்லின் மேல் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும், மேலேயும், பின்னாலும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். வெட்டுமுனையில் முந்திரிக்கொட்டை எண்ணெய் (கொட்டையின் ஓட்டிலிருந்து எடுப்பது) இரண்டு மூன்று கை பூசி உலரவிட்டு உள்ளே செலுத்த வேண்டும். முனை மட்டும் போயிருந்தால் உத்திரத்தையே மாற்ற வேண்டியதில்லை. உளுத்ததை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தேக்குக் கட்டைகளை இரண்டு பக்கமும் வைத்து போல்ட் போட்டு இறுக்கலாம். எங்கள் உத்திரம் அப்படித்தான் இப்போது நிற்கிறது. போல்ட் தலை வெளியே தெரிகிறது. அதை மறைக்க நான் விடவில்லை.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

தேக்கு என்ற பெயரைக் கேட்டு விலை கொடுக்காமல், வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். வெட்டுமுகத்தில் நடுவே அடர்ந்த நிறம் வைரம், ஓரத்தில் வெளுத்தது வெளிறு. பூச்சி முதலில் தின்பது வெளிறைத்தான். பழைய மரக்கடையில் வாங்கினால் ஆணித்துளை இருப்பது குற்றமில்லை, அடிப்பக்கத்தின் நடுவில் வெட்டு விழுந்திருந்தால் வாங்காதீர்கள். தேக்குக்கு வழியில்லை என்றால் மரக்கூரை ஆசையை விட வேண்டியதில்லை. நன்றாக முற்றிய பனங்கையும் (பனைமரச் சட்டம்) நாட்டு ஓடும் போட்ட தாழ்வாரத்தின் அழகு தனி. சாதாரணக் குடும்பங்கள் காலங்காலமாக வாழ்ந்தது அதன் கீழேதான்.

கடையிலிருந்து வந்த அன்றே மரத்தைப் பொருத்தாதீர்கள். நிழலில், இடையிடையே கட்டை கொடுத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் வீட்டுக் காற்றுக்குப் பழகவிடுங்கள். சட்டங்களுக்கு நடுவே பலகை அடிப்பவர்கள் சித்திரை வெயிலில் இடைவெளியே இல்லாமல் இறுக்கி அடிக்கிறார்கள். அடைமழையில் அது ஊதிப் புடைத்து ஆணியைப் பிடுங்கும்.

பூச்சு விஷயத்தில் இரண்டு தவறு. ஒன்று, பழைய எஞ்சின் ஆயில் அடிப்பது. நாற்றம் போக மாதக்கணக்கில் ஆகும், அதற்குமேல் பாலிஷும் பிடிக்காது, விளக்கேற்றும் வாசலில் அது வேண்டவே வேண்டாம். இரண்டு, எனாமல் பெயின்ட். மரத்துக்கு ரெயின்கோட் போட்டது போல ஈரத்தை உள்ளேயே வைத்துவிடும். உள்பக்க மரத்துக்கு போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசல் பூசி, உலர்ந்த பின் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். மழைச்சாரல் நேராகப் படும் இடத்தில் போராக்ஸ் கரைந்து போய்விடும், அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய்தான்.

ஒப்புக்கு வைத்த உத்திரம்

காங்கிரீட் கூரைக்குக் கீழே அழகுக்காக மரம் வைப்பது தப்பில்லை, வைக்கிற விதம்தான் தப்பாகிறது. நிஜ உத்திரம் எப்போதும் குறுகிய பக்கமாகத்தான் கிடக்கும், அதுதான் பாரம் தாங்கும் கணக்கு. ரேழியில் நடந்து போகிறவருக்கு அது குறுக்கே வரும். ஒப்புக்கு வைப்பவர்கள் நீளவாட்டில் இரண்டு போட்டுவிடுகிறார்கள், ரேழி ரயில் பெட்டி போல ஆகிவிடுகிறது. குறுக்கே போட்டால் பல வருஷமாக இந்த மரங்களைப் பார்த்துப் பழகிய கண் உடனே ஏற்றுக்கொள்ளும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான பெட்டி உத்திரம் நம் ஊர் ஈரத்துக்கு ஆகாது, ஓரம் உப்பிவிடும்.

நிறமும் அப்படித்தான். மரமும் கருப்பு, கதவும் கருப்பு என்றால் குறுகிய ரேழி பகலிலேயே இருட்டும். சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் மரம் இன்னும் எடுப்பாகத் தெரியும், இடமும் உயரமாகத் தோன்றும்.

ஊஞ்சலுக்கும் நாச்சியார்கோவில் தொங்குவிளக்குக்கும் கொக்கி மாட்ட, உத்திரத்தின் அடியில் நட்டநடுவே துளை போடுகிறார்கள். பாரம் ஏறும்போது அதிகம் இழுபடுவது அந்த இடம்தான். இரும்புப் பட்டையை உத்திரத்தைச் சுற்றிக் கொடுத்து அதில் கொக்கி மாட்டச் சொல்லுங்கள். ஒயர் கொண்டுபோக அடியில் பள்ளம் பறிக்கவும் விடாதீர்கள், பக்கவாட்டில் நடு உயரத்தில் ஓடட்டும்.

திண்ணைக்கு மேல் இறவாணத்தை அகலமாக நீட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. நீட்டிய கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும். கைமரங்களை ஆணியோடு விடாமல், இரும்புப் பட்டையால் சுவர்ச்சட்டத்தோடு கட்டுங்கள்.

வருகிறவர் எங்கே உட்காருவார்?

இவ்வளவு செலவழித்துவிட்டுத் திண்ணையைக் கிரில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் கிரிலை ரேழிக் கதவுக்கு நகர்த்தலாம், திண்ணையைத் திறந்தே விடலாம். கால் கழுவ ஒரு குழாய், செருப்புக்கு ஓர் ஓரம், சாய்ந்து உட்கார ஒரு தூண், இவை இல்லாத வாசலில் யாரும் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கும் நேரம்வரை நிற்க மாட்டார்கள். வழுவழுப்பான கிரானைட்டும் வேண்டாம், ஈரக்காலுக்கு வழுக்கும், கோலமும் நிற்காது.

வெள்ளை வெளேரென்ற விளக்கு இன்னொரு சங்கடம். ஐப்பசி, கார்த்திகையில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி மொத்தமும் அதற்குத்தான் வரும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்குக்குக் கூட்டம் குறைவு, மரத்தின் ரேகைக்கும் அந்த வெளிச்சம்தான் பொருந்தும்.

தை பிறந்ததும் ஒரு காலை, பெருக்குவதற்கு முன் உத்திரத்துக்கு நேர்கீழே தரையைப் பாருங்கள். மைதா போல நைசான தூள் கிடந்தால் உளுவண்டு. கசகசா போல மணிமணியாக இருந்தால் உலர்மரக் கறையான். தரையில் ஒன்றுமில்லாமல் சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் அது நிலத்துக் கறையான், மரத்தைத் தொடுவதற்கு முன் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆளைக் கூப்பிடும்போது அந்தத் தூளை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்து காட்டுங்கள்.