சங்கப் பாட்டில் யார் பேசுகிறார்கள்? ஐந்தே அடிகளில் ஒரு பயிற்சி

குறுந்தொகை 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை.

யாரும் இல்லை; தானே கள்வன்;
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

படி 1: உரையைத் திறக்காமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் பொருள் பாருங்கள். "அன்று யாருமே இல்லை. அவன்தான் கள்வன். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய நாளில், தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது."

படி 2: துறைக் குறிப்பை, அதாவது பாட்டின் சூழலைச் சொல்லும் வரியைப் பாருங்கள். பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. திருமணம் தள்ளிப்போகிறது, தலைவி தோழியிடம் சொல்கிறாள். யார், யாரிடம், எந்த நிலையில் என்ற மூன்றும் அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும். பெயரைத் தேட வேண்டாம். அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், யாரையும் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி.

படி 3: பாத்திரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசுபவள் தலைவி. தோழி வாய் திறக்கவில்லை. தலைவன் இங்கே இல்லவே இல்லை. அவள் பேச்சில் மட்டும் வருகிறான். குருகையும் சேருங்கள், அதை விட்டால் பாட்டே இல்லை.

படி 4: பாட்டு எங்கே முரண்படுகிறது என்று தேடுங்கள். "யாரும் இல்லை" என்று தொடங்கியவள் "குருகும் உண்டு" என்று முடிக்கிறாள். சாட்சிக்கு ஆள் தேடித் தேடி கடைசியில் ஒரு பறவையில் வந்து நிற்கிறாள். அதற்கோ பேச்சும் வராது, கண்ணும் மீன் மேல். அவள் பயம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பறவையின் காலின் மென்மைகூட அவள் நினைவில் இருக்கிறது பாருங்கள்! அந்த நாளை அவள் அணுஅணுவாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். மீனுக்காகக் காத்திருக்கும் குருகில் தலைவனையே பார்ப்பவர்களும் உண்டு. அப்படி எழுதினாலும் சரிதான், அடியைக் காட்டி எழுதுங்கள்.

படி 5: திணை. நீர், மீன், பறவை என்றதும் மருதம், நெய்தல் என்று எழுதிவிடாதீர்கள். திணையை முதலில் முடிவு செய்வது உரிப்பொருள், அதாவது கூடல், பிரிவு போல பாட்டு பேசும் காதல் நிலை. இங்கே பேச்சு கூடலைப் பற்றியது, அதனால் குறிஞ்சி. தினையும் மலைநிலத்துப் பயிர்தான்.

படி 6: விடை எழுதும்போது ஒரு கருத்து, அதற்கு ஓர் அடி, பிறகு விளக்கம். உதாரணமாக: "தலைவி தனக்குச் சாட்சி இல்லை என்று அஞ்சுகிறாள். 'ஆரல் பார்க்கும் குருகும் உண்டு' என்கிறாள். அங்கிருந்த ஒரே உயிரும் அவர்களைக் கவனிக்கவில்லை." "கபிலர் மிக அழகாக வர்ணிக்கிறார்" என்ற வரியை அடித்துவிடுங்கள், எந்தப் பாட்டுக்கும் அது பொருந்தும்.

அடுத்து இதே படிகளை வைத்து குறுந்தொகை 3-ஐ, "நிலத்தினும் பெரிதே" பாட்டை, முயன்று பாருங்கள். அங்கேயும் தலைவிதான் பேசுகிறாள். ஆனால் தலைவன் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.